காய்ச்சல் முதலில், லீவு கடைசியில்: ஆங்கிலத்தில் கடிதம் எழுதப் பழகுவது பற்றி

கேள்வி, ஜனவரி 6

அக்கா, பி.காம். முடித்துவிட்டு திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் ஆபீஸில் ஜூனியர் மெர்ச்சண்டைசராக (வெளிநாட்டுப் பையர்களோடு, அதாவது நம் துணியை வாங்குகிறவர்களோடு, ஆர்டர் பேசுகிற வேலை) சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். ஒரு மெயில் எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஆகிறது. ஆபீஸில் ஒருவர் இலக்கணம் பார்த்துத் திருத்திக் கொடுக்கிறார், அதனால் தப்பு இல்லை. ஆனாலும் பையரிடமிருந்து வருவது ஒரே வரிதான்: "எங்களிடமிருந்து உங்களுக்கு என்ன வேண்டும்?" எந்த இலக்கணப் புத்தகம் வாங்கட்டும்?

ஜனவரி 6, இரவு

இப்போதைக்குப் புத்தகம் எதுவும் வாங்காதீர்கள். நீங்கள் அனுப்பிய மெயிலைப் படித்தேன். (பையர் பெயரையும் ஸ்டைல் நம்பரையும் அழித்துவிட்டு அனுப்பியது நல்லது.) பதினோரு வரி. முதல் வரியில் மழை. இரண்டாவதில் டையிங் யூனிட்டில் (சாயப்பட்டறையில்) கரண்ட் இல்லை. மூன்றாவதில் மெரூன் லேப் டிப் (நிறம் பார்க்கச் சாயம் போடும் மாதிரித் துண்டு) ஒரு தடவை சரியில்லாமல் போய் மறுபடி போட்டது. அப்புறம் நூல் வரத் தாமதம், காம்பாக்டிங்கில் (துணி பின்னால் சுருங்காமல் இருக்க அழுத்தும் இடத்தில்) கூட்டம். பதினோராவது வரியில்தான் கேட்க வந்ததைக் கேட்டிருக்கிறீர்கள்: ஷிப்மென்ட்டை ஏழு நாள் தள்ளித் தர முடியுமா என்று.

அந்தப் பையர் மூன்றாவது வரியிலேயே நின்றிருப்பார்.

இப்படி எழுத உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று யோசித்துப் பாருங்கள். பள்ளிக்கூடத்து லீவ் லெட்டர். "ஆஸ் ஐ யாம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்" என்று ஆரம்பிக்கும். காய்ச்சல் முதலில், லீவு கடைசியில், "யுவர்ஸ் ஒபீடியன்ட்லி" அதற்கும் கீழே. நம்மில் முக்கால்வாசிப் பேர் எழுதிய முதல் ஆங்கிலக் கடிதம் அதுதான். காய்ச்சல் வராத நாளிலும் அக்கா கல்யாணத்துக்கும் அதையே எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

ஜனவரி 7, மதியம்

சாப்பிட்டுக்கொண்டே யோசித்தேன். லீவ் லெட்டர் மேல் மட்டும் பழி போட்டது சரியில்லை. நம் வாக்கியமே அப்படித்தான் ஓடுகிறது. "மழையில் கரண்ட் போய் டையிங் நின்றுவிட்டதால் ஷிப்மென்ட் தேதியை ஏழு நாள் தள்ளித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்." ஒரே மூச்சு. தமிழ் படிக்கிறவருக்குக் கடைசி வரை காத்திருப்பதில் ஒரு சிரமமும் இல்லை. "போய்", "நின்றுவிட்டதால்" என்று ஒவ்வொரு துண்டும் இன்னும் முடியவில்லை, ஏதோ வருகிறது என்று சொல்லிக்கொண்டே வரும்.

ஆங்கிலத்தில் அதையே எழுதும்போது, பயந்து பயந்து சின்னச் சின்ன வாக்கியமாக உடைக்கிறோம். மழை பெய்தது, முற்றுப்புள்ளி. கரண்ட் போனது, முற்றுப்புள்ளி. படிக்கிறவருக்கு அது செய்தியாகத் தெரியும். கீழே ஒரு கேள்வி இருக்கிறது என்று தெரியாது.

நான் செய்வதைச் சொல்கிறேன். முதலில் மனதில் தமிழில் முழுதாகச் சொல்லிப் பார்ப்பேன். அந்த வாக்கியத்தின் கடைசித் துண்டை மட்டும் எடுத்து முதல் வரியில் வைப்பேன். ஏழு நாள் கூடுதலாக வேண்டும், இன்ன ஸ்டைலுக்கு, புதுத் தேதி இது. காரணம் இரண்டாவது பத்தியில், இரண்டே வரி. மழையை விட்டுவிடலாம், டையிங் நின்றது போதும்.

எனக்கு இது புரிய ஆறு வருடம் ஆனது. யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு சனிக்கிழமை, பையர்கள் எனக்கு எழுதிய மெயில்களில் நாற்பதைப் பிரின்ட் எடுத்து, அவர்கள் கேட்கிற விஷயம் எந்த வரியில் இருக்கிறது என்று பென்சிலால் கோடு போட்டுப் பார்த்தேன். கோடெல்லாம் தாளின் மேல் பக்கத்திலேயே விழுந்தது. பிறகு நான் எழுதிய நாற்பதை எடுத்தேன். கோடெல்லாம் அடியில். இரண்டு கட்டையும் பக்கத்தில் பக்கத்தில் மேசையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீங்களும் இதைச் செய்து பாருங்கள், நாற்பது வேண்டாம், பத்து போதும்.

ஜனவரி 9

மூன்று பேர் ஒரே மாதிரி கேட்டிருக்கிறீர்கள்: எடுத்த எடுப்பில் கேட்டால் மரியாதைக் குறைவாகத் தெரியாதா? நம் காதுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்தவர் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் கைமாற்றுக் கேட்பது போல இருக்கும்.

ஆனால் மரியாதை இரண்டு மொழியிலும் ஒரே இடத்தில் இல்லை. தமிழில் அது வினையிலேயே ஒட்டிக்கொண்டு வருகிறது. வாருங்கள், அனுப்புங்கள், சொல்லுங்கள். ஆங்கிலத்தில் அந்த "ங்கள்" கிடையாது. அது இல்லாமல் எழுதும்போது கை கூசுகிறது. அதனால் மரியாதையை வேறு எங்காவது கொண்டுபோய் ஒட்டுகிறோம். நான் பார்த்த ஒரு மெயிலில் ஐந்து "கைண்ட்லி" இருந்தது. ஐந்தும் ஒன்றும் படிக்கிறவருக்கு ஒன்றுதான். அடுத்தடுத்து வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வது போலவும் கேட்கும்.

ஆங்கிலத்தில் மரியாதை பெரும்பாலும் கேட்கும் விதத்தில் இருக்கிறது. "குட் யூ", "வுட் இட் பி பாசிபிள்" என்று கேள்வியாக்கிவிட்டால் போதும். "யூ மஸ்ட் சென்ட்" என்று எழுதிவிட்டு முன்னால் ப்ளீஸ் போட்டாலும் அது கட்டளைதான். "அனுப்ப வேண்டும்" என்பதை அப்படியே மாற்றுவதால் வருகிற வம்பு இது. நம் "வேண்டும்" அவ்வளவு கடுமையான சொல் இல்லை. "மஸ்ட்" கடுமை.

ஜனவரி 9, இரவு

ஒன்றை விட்டுவிட்டேன். "டவுட்".

நாம் வகுப்பில் கையைத் தூக்கி "சார், ஒரு டவுட்" என்போம். அதே பழக்கத்தில் "உங்கள் பி.ஓ.வில் (ஆர்டர் தாளில்) எனக்கு ஒரு டவுட்" என்று இங்கிலாந்துக்கு எழுதினால், அங்கே அது சந்தேகமாகப் போய்ச் சேர்கிறது: உங்களை நம்பவில்லை என்று. "கொஸ்சன்" என்று எழுதுங்கள். முடிந்தது.

ஜனவரி 15

பொங்கல் லீவு. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

ஊருக்கு வந்த அண்ணன் மகன் கணிதம் படிக்கிறான். அவனிடம் நான் இந்த விவாதத்தைச் சொல்ல, அவன் ராமானுஜன் எழுதிய இரண்டு கடிதங்களை எடுத்துக் காட்டினான். ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த மனிதர் எழுதிய ஆங்கிலக் கடிதங்கள். தேற்றங்கள் எனக்குப் புரியாது. கடிதங்களைப் புரிந்துகொள்ள முடியும் என்று உட்கார்ந்தேன்.

முதலாவது, 1912 பிப்ரவரி 9, சென்னைத் துறைமுக அலுவலகத்துக்கு எழுதிய வேலை விண்ணப்பம். முதல் வாக்கியமே, உங்கள் ஆபீஸில் ஒரு குமாஸ்தா இடம் காலி என்று அறிகிறேன், அதற்கு விண்ணப்பிக்கிறேன். கேட்பது முதல் வரியில்! அடுத்த வாக்கியத்தில் மெட்ரிகுலேஷன் தேறியதும், எஃப்.ஏ. (அந்தக் காலத்துக் கல்லூரி முதல் படிப்பு) வரை படித்ததும், சூழ்நிலையால் படிப்பு நின்றதும். அவர் வாழ்க்கையின் பெரிய துயரம் அந்த எஃப்.ஏ.தான்; கணிதத்தைத் தவிர மற்றதில் தேறாமல் போனவர். அதை ஒரு வாக்கியத்தில் பாதிக்குள் சொல்லி முடித்துவிட்டார். பிறகு எல்லா நேரத்தையும் கணிதத்துக்கே கொடுத்து வருகிறேன், இந்த வேலையைச் சரியாகச் செய்வேன் என்ற நம்பிக்கை இருக்கிறது. கடைசியில் வேலை தருமாறு வேண்டுகோள். அவ்வளவுதான் கடிதம். மார்ச் 1 அன்று வேலையில் சேர்ந்தார், மாதம் 30 ரூபாய்.

இதைப் படித்தபோது, நான் சொன்னது சரிதான் என்று சந்தோஷமாக இருந்தது. அண்ணன் மகன் இரண்டாவதை நீட்டினான்.

1913 ஜனவரி 16, கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதியது. இதில் கேட்பது முதல் வரியில் இல்லை. "டியர் சார்" போட்டு, சென்னைத் துறைமுக அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் ஆண்டுக்கு 20 பவுண்டு மட்டும் சம்பளம் வாங்கும் ஒரு குமாஸ்தா என்று தன்னை அறிமுகம் செய்துகொள்கிறார். வயது சுமார் 23 என்கிறார் (உண்மையில் 25 முடிந்திருந்தது). பல்கலைக்கழகப் படிப்பு இல்லை, மீதி நேரத்தில் கணிதம் செய்கிறேன் என்கிறார். பிறகு தான் கண்டுபிடித்ததைப் பற்றி. நான் ஏழை, இதில் மதிப்புள்ளது ஏதாவது இருப்பதாக நீங்கள் நினைத்தால் இவற்றை வெளியிட விரும்புகிறேன் என்பது கடைசியில்தான் வருகிறது. சிரமம் கொடுப்பதற்கு மன்னிப்புக் கேட்டு முடிக்கிறார்.

பிப்ரவரி 8 தேதியிட்டு ஹார்டி பதில் எழுதினார். அதற்குப் பிறகு ராமானுஜன் கேம்பிரிட்ஜ் போனது எல்லாருக்கும் தெரியும்.

ஆக, கேட்பது கடைசியில் இருந்தும் அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்தது. இதற்கு என்னிடம் இன்று பதில் இல்லை. நாளை எழுதுகிறேன்.

ஜனவரி 16

ராத்திரி படுத்தபடி யோசித்தேன். ஜனவரி 7 அன்று நான் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன்.

துறைமுக அலுவலகத்துக்கு வேலை கேட்டு வருகிறவன் யார் என்று தெரியும். தினமும் பார்க்கிற ஆள்தான். எந்த இடத்துக்கு என்று சொன்னால் போதும். ஹார்டிக்கு இந்த மனிதர் யாரென்றே தெரியாது. கேம்பிரிட்ஜ் பேராசிரியர்கள் வேறு இரண்டு பேருக்கு முன்பே எழுதி உதவி கிடைக்காமல் போயிருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் நான் யார் என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு அவர் ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லியிருக்கிறார். எந்த ஊர், எந்த ஆபீஸ், எந்தப் பிரிவு, என்ன சம்பளம். வாழ்க்கைக் கதை இல்லை. எண்ணோடு நான்கு தகவல்.

ஆகவே இப்படி வைத்துக்கொள்வோம். படிக்கிறவர் மனதில் முதலில் எழும் கேள்வி எதுவோ அதற்கான பதில் முதல் வரியில் இருக்க வேண்டும். தெரிந்த பையருக்கு அந்தக் கேள்வி "என்ன வேண்டும்". தெரியாதவருக்கு "நீ யார்". நம் லீவ் லெட்டரில்கூட டீச்சரின் முதல் கேள்வி "ஏன் வரவில்லை" என்பதுதானே? அப்படிப் பார்த்தால் காய்ச்சல் முதலில் இருந்தது சரிதான். லீவ் லெட்டரைக் குறை சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். அதை எல்லாக் கடிதத்துக்கும் அச்சாக வைத்துக்கொண்டதுதான் பிசகு.

ஜனவரி 16, சாயங்காலம்

ஒருவர் கேட்கிறார்: ராமானுஜன் "ஐ பெக் டு அப்ளை" என்று எழுதியிருக்கிறாரே, நாமும் எழுதலாமா? வேண்டாம். 1912-ல் அது சாதாரண மரியாதை வாசகம், இங்கிலாந்திலும் அப்படித்தான் எழுதினார்கள். ஆவன செய்யுங்கள் என்பதற்கு நாம் எழுதும் "டூ த நீட்ஃபுல்" என்பதும் அங்கிருந்து வந்ததுதான், நாம் கண்டுபிடித்தது இல்லை. நாம் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டோம், அவர்கள் மாற்றிக்கொண்டார்கள். பிரிட்டிஷ் அரசின் நிதித் துறை கேட்டுக்கொண்டு, எர்னஸ்ட் கவர்ஸ் என்ற அதிகாரி அரசு ஊழியர்களுக்கென்றே எளிய ஆங்கிலத்தில் எழுதுவது பற்றி ஒரு கையேடு எழுதினார், 1948-ல் வந்தது. 1979-ல் கிறிஸ்ஸி மாஹர் என்ற பெண் லண்டனில் நாடாளுமன்றத்துக்கு எதிரே உள்ள சதுக்கத்தில் புரியாத அரசு ஆவணங்களைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டு ஓர் இயக்கமே தொடங்கினார். அமெரிக்காவில் 2010-ல் சட்டமே வந்தது, மத்திய அரசு அலுவலகங்கள் மக்களுக்குப் புரிகிறபடி எழுத வேண்டும் என்று. கிறிஸ்ஸி மாஹரைப் பற்றிப் படித்ததிலிருந்து எனக்கு ஒரு தைரியம். ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் அந்தக் கடிதங்கள் புரியவில்லை.

ஜனவரி 20

இன்று என் பழைய காயம் இரண்டு.

ஒன்று, தேதி. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், அமெரிக்கப் பையர் ஒருவருக்கு ஷிப்மென்ட் தேதி 07/08 என்று எழுதினேன். ஆகஸ்ட் 7 என்று நான் நினைத்தேன். அவர்கள் மாதத்தை முதலில் எழுதுகிறவர்கள், ஜூலை 8 என்று எடுத்துக்கொண்டார்கள். 12-க்கு மேற்பட்ட தேதியாக இருந்திருந்தால் யாருக்காவது இடித்திருக்கும். இது இரண்டு பக்கமும் பொருந்துகிற தேதி. ஜூலை முதல் வாரம் சரக்கு எங்கே என்று கேட்டபோது துணி இன்னும் ஸ்டென்டரில் (துணியை விரித்துக் காயவைக்கும் மெஷினில்) ஓடிக்கொண்டிருந்தது. பாதிச் சரக்கைத் தூத்துக்குடிக்கு அனுப்பாமல் விமானத்தில் அனுப்ப வேண்டியதாயிற்று. முதலாளி என்னைத் திட்டவில்லை. ஏர் ஃபிரைட் பில்லை என் மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் போனார். அன்றிலிருந்து மாதத்தை எழுத்தில்தான் எழுதுகிறேன், வீட்டில் பால் கணக்குக்குக்கூட.

இரண்டாவது, "வீ". தமிழில் நமக்கு நாம் வேறு, நாங்கள் வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே "வீ". லேப் டெஸ்டிங் செலவு பற்றி ஒரு பையருக்கு "வீ வில் பேர் த காஸ்ட்" என்று எழுதினேன். என் மனதில் ஓடியது "நாம் ஏற்றுக்கொள்வோம்", அதாவது ஆளுக்குப் பாதி. அதற்கு முன் போனில் அப்படித்தான் பேச்சு. அவர் படித்தது "நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்". முழுத்தொகையையும் எங்கள் கணக்கில் பிடிப்பதாக டெபிட் நோட் வந்தது. எழுத்தில் இருப்பதுதான் செல்லும், நான் எதுவும் பேச முடியவில்லை. இப்போது பணம், தேதி, பொறுப்பு மூன்றும் வருகிற இடத்தில் "வீ" எழுதுவதில்லை. எங்கள் கம்பெனி பெயர், அவர்கள் கம்பெனி பெயர், ஐம்பது சதவீதம். அழகாக இருக்காது. இருக்க வேண்டியதும் இல்லை.

ஜனவரி 21

மேலே எழுதியதைப் படித்த ஒருவர், "ரெண்டு நாள்ல அனுப்பிடறோம்" என்பதையும் சேர்க்கச் சொன்னார். சரியான பாயிண்ட். நம் பேச்சில் அதற்கு "சீக்கிரம்" என்று அர்த்தம். எழுத்தில் போனால் அவர்கள் எண்ணுவார்கள்: ஒன்று, இரண்டு.

ஜனவரி 24

பெயர். வெளிநாட்டுப் பையர்கள் பலர் எனக்கு "டியர் மிஸ்டர்" என்று எழுதியிருக்கிறார்கள். பெயரைப் பார்த்து ஆணா பெண்ணா என்று அவர்களுக்குத் தெரியாது, அது அவர்கள் தப்பும் இல்லை. அப்புறம் இனிஷியல். அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போடுகிறோம். அவர்களுக்குக் குடும்பப் பெயர் கடைசியில் வரும், அதனால் நம் சொந்தப் பெயரையே குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்வார்கள். ராமானுஜனும் எஸ். ராமானுஜன் என்றுதான் கையெழுத்துப் போட்டார். எஸ் என்பது அப்பா சீனிவாச அய்யங்கார். கையெழுத்துக்குக் கீழே உங்கள் பெயரை முழுதாகப் போட்டு, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் "மிஸ்" அல்லது "மிசஸ்" சேருங்கள். ஒரே வரி வேலை.

"யுவர்ஸ் ஃபெயித்ஃபுல்லி"யா, "சின்சியர்லி"யா என்று கேட்டவருக்கு: பிரிட்டிஷ் வழக்கத்தில் "டியர் சார்" என்று ஆரம்பித்தால் ஃபெயித்ஃபுல்லி, பெயர் சொல்லி ஆரம்பித்தால் சின்சியர்லி. அமெரிக்கர்களுக்கு எல்லாம் சின்சியர்லிதான். மெயிலில் "ரிகார்ட்ஸ்" போதும்.

ஜனவரி 28

அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிற அண்ணா ஒருவர் வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார். இங்கே "ரெஸ்பெக்டட் சார்" இல்லாமல் கடிதம் கொடுத்தால் திமிர் என்பார்கள், வெளிநாட்டுக்காரன் பழக்கத்தை எல்லாருக்கும் சொல்லாதே என்று. நியாயம்தான் அண்ணா. யார் படிக்கிறாரோ அவருக்குத் தகுந்த மாதிரிதான் எழுத வேண்டும். நான் பையரை மனதில் வைத்தே எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆனால் அண்ணா, அந்த ஆபீஸுக்கு எதற்கு ஆங்கிலத்தில்?

எங்கப்பா ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். பென்ஷன் கணக்கில் புரியாத பிடித்தம் ஒன்று வந்தது. நான் பெருமையாக ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அடித்துக் கொடுத்தேன். நல்ல கடிதம்தான், கேட்பது முதல் வரியில். அப்பா கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போனார். கவுண்டரில் இருந்தவர் படித்துப் பார்க்காமல், "என்னங்க பெரியவரே, என்ன எழுதியிருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறார். தான் கையெழுத்துப் போட்ட கடிதத்தில் என்ன இருக்கிறது என்று அப்பாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. மகள் எழுதியது, அவள் வருவாள் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். என்னிடம் அதைச் சொன்னபோது செருப்பைக் கழற்றிக்கொண்டே தரையைப் பார்த்துச் சொன்னார்.

மறுநாள் அவரே தமிழில் எழுதினார். அனுப்புநர், பெறுநர், பொருள், நாலு வரி, கணக்கு எண், பிடித்த தேதி, தொகை. ஒரு நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு வந்தார். தகவல் உரிமைச் சட்ட மனுகூட, 2005 சட்டத்தின் 6-வது பிரிவே சொல்கிறது, ஆங்கிலம், இந்தி அல்லது அந்தப் பகுதியின் ஆட்சிமொழியில் எழுதலாம். பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில். தமிழ் செல்லுகிற இடத்தில் தமிழில் எழுதுங்கள். ஆங்கிலம் நம் பிழைப்புக்கு வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன். என் அப்பாவை அவர் கடிதத்திலிருந்தே வெளியே நிறுத்துவதற்கு அல்ல.

பிப்ரவரி 2

தங்கச்சி, புது மெயிலைப் பார்த்தேன். ஆறு வரி. ஏழு நாள் வேண்டும் என்பது முதல் வரியில், ஸ்டைல் நம்பரோடு. பிப்ரவரி எழுத்தில் இருக்கிறது. காரணம் ஒன்றே ஒன்று. "குட் யூ கன்ஃபர்ம்" என்று கேட்டிருக்கிறீர்கள், வெள்ளிக்கிழமைக்குள் என்று நாளும் சொல்லியிருக்கிறீர்கள். நான்காவது வரியில் "வீ ஷுட் டூ ரீ-இன்ஸ்பெக்ஷன்" என்று இருக்கிறதே, யார் செய்வது? உங்கள் கியூ.சி.யா (தரம் பார்க்கிறவர்), அவர்கள் ஆளா? அதை மட்டும் மாற்றுங்கள். மற்றபடி ஒன்றும் தொட வேண்டாம், அனுப்பிவிடுங்கள்.